சிறாரின் உயிர்மீட்புக் கலையும் யாழ்ப்பாணத்து வைத்திய மரபும்

திருக்கோயில்களிலே புராணபடனம் நிகழும் நாள்களில், அப்பூதியடிகள் நாயனார் புராணம் படித்துப் பயன் சொல்லப்படும்பொழுது, கேட்டிருப்போர் கண் கலங்குவது யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த காட்சி. அடியவருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த பிள்ளை அரவு தீண்டி மாள்கின்றான். பெற்றோர் அத்துயரை உள்ளடக்கிக்கொண்டு விருந்தோம்ப முற்படுகின்றனர். திருநாவுக்கரசர் பதிகம் பாட மைந்தன் உயிர் பெறுகின்றான். மயிலாப்பூரிற் பூம்பாவை மீண்ட வரலாறும் இத்தகையதே. அங்கும் இறப்புக்குக் காரணம் அரவே. அடியார்க்கு இவை அருட்செயல்கள். வரலாற்றை நோக்குவோனுக்கு இவற்றில் வேறொன்றும் புலனாகும்: மூத்தோர் இறப்பை ஒருவாறு ஆற்றிக்கொள்ளும் மனித உள்ளம், பிள்ளையின் இறப்பை மட்டும் முடிந்த காரியமாக ஏற்க எக்காலத்திலும் மறுத்தே வந்திருக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அந்த மறுப்புக்கு நாடோறும் வேலை இருந்தது. ஆறில்லாத இந்நாட்டிற் கிணறில்லாத வளவு இல்லை. கட்டுத் தாழ்ந்த கிணறும் கோயிற் கேணியும் எத்தனையோ சிறாரை விழுங்கியிருக்கின்றன. வேலியோரத்துப் பாம்பும், 1866ஆம் ஆண்டளவிற் பரவிய கொள்ளைநோயாகிய வாந்திபேதியும் கொண்டுபோனவர் தொகை வேறு. நின்றுபோன மூச்சையும் நெஞ்சையும் மனிதக் கையினால் மீட்கலாம் என்னும் எண்ணம் எப்படிப் பிறந்தது, அது வைத்தியசாலைக் கலையாக எவ்வாறு வளர்ந்தது, அதனோடு இக்குடாநாட்டு வைத்திய மரபுக்கு என்ன உறவு என்பவை ஆராயத்தக்கன.

நீரில் மூழ்கினோரை மீட்பதற்கெனச் சங்கம் ஒன்று 1767ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து அம்ஸ்ரடாம் நகரில் எழுந்தது. வாய்க்கால்கள் நிறைந்த அந்நகரில் அது எழுந்ததில் வியப்பில்லை. அவ்வாண்டில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கையிலேயே இருந்தது என்பதை இடையே நினைவு கூரலாம். 1774இல் இலண்டனிலே வில்லியம் ஹோஸ், தோமஸ் கோகன் என்னும் வைத்தியர் இருவர் அதனைப் பின்பற்றி மற்றொரு சங்கத்தை நிறுவினர். இச்சங்கங்கள் வாயோடு வாய் வைத்து ஊதுதல், துருத்தியாற் காற்றுச் செலுத்துதல், உடலைச் சூடாக்குதல் முதலிய முறைகளைப் பரப்பின. புகையிலைப் புகையை மலவாயில் வழியே செலுத்துவதும் அவற்றுள் ஒன்று! புகையிலைச் செய்கையிற் பேர்பெற்ற நம்மவரும் இதுவரை எண்ணாத பயன் அது. நகைப்புக்கு இடமான இம்முறைகளின் நடுவே மெய்யான கண்டுபிடிப்பு ஒன்று மறைந்து கிடந்தது. மூச்சு நின்றதும் உயிர் போய்விடுவதில்லை, இடையிலே சிறிது அவகாசம் உண்டு என்பதே அது.

1774ஆம் ஆண்டிலேயே இலண்டனில் மாடிச் சாளரத்தினின்றும் விழுந்து இறந்ததாகக் கருதப்பட்ட மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சிலே மின்சாரம் பாய்ச்சப்பட, அவள் மூச்சு விட்டாள் என்று அச்சங்கத்தின் பதிவு கூறுகின்றது. அவள் இருதயம் உண்மையில் நின்றிருந்ததா என்று இன்று ஐயுறுவோர் உளர், அவ்வையம் நியாயமானதே. ஆனால், உயிர்மீட்பின் வரலாற்றிலே திருப்பம் நிகழும் ஒவ்வோரிடத்திலும் ஒரு குழந்தை நிற்பதைக் காணலாம். அவ்வரிசையில் இச்சிறுமியே முதல்வி.

அடுத்து நிற்பவள் ஹன்னா கிறீனர். இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசில் நகருக்கு அணித்தான சிற்றூரில், 1848ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி, கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காக இப்பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் குளோரோபோம் முகரக் கொடுத்தனர். சில நிமிடங்களுள் அவள் இறந்தாள். முகத்தில் நீர் தெளித்தும் வாயிற் சிறிது பிராந்தியை விட்டும் பார்த்த வைத்தியருக்கு அதற்குமேற் செய்வது இன்னதென்று தெரியவில்லை. குளோரோபோமால் நேர்ந்ததாகப் பதிவுபெற்ற முதல் இறப்பு இதுவேயாம். வைத்தியர் கண்ணெதிரே, அவர் கொடுத்த மருந்தினாலேயே ஓர் இளம் நெஞ்சு நின்றது. வைத்திய உலகம் திடுக்கிட்டது. நெஞ்சை மீள இயக்குவது எவ்வாறு என்ற வினாவை நீரிற் கிடந்தோரைவிடச் சத்திரசிகிச்சை மேசையிற் கிடந்தோரே கூர்மையாக எழுப்பினர்.

அதே 1848ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் மருந்துச்சாலையை நடத்தத் தொடங்கினார். மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆந் திகதி பிறந்த அவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் தங்கிய பின் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டார். ஆறுமுகநாவலர் பிறந்ததும் அதே 1822ஆம் ஆண்டிலேயே. சமயத்தால் எதிரெதிரே நின்ற இவ்விருவரும் தமிழ் உரைநடையை நூற்கல்விக்கு ஏற்ற கருவியாக்கியதில் ஒரே காலத்து உழைப்பாளிகள் என்பது எண்ணி மகிழத்தக்க பொருத்தம்.

கிறீன் நோயாளரைப் பார்த்ததோடு நில்லாது உள்ளூர் இளைஞரைச் சேர்த்து வைத்தியம் கற்பித்தார். முதலிற் போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது. 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்ட பின், 1864இலே வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமன்று. ஆங்கிலங் கற்றவர் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரை விட்டகலுவர்; தமிழிற் கற்றவரே தம் ஊரவர் நடுவில் இருந்து தொண்டாற்றுவர் என்பது அவர் கணிப்பு. மாணவர் மேனாட்டு உடை தரிப்பதையும் அவர் விரும்பவில்லை. தம் சமயத்தைப் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை, அவரும் மறைத்தாரில்லை. தம் கல்லறையிலே தமிழர்க்கு வைத்திய ஊழியஞ் செய்த சுவிசேஷகர் என்றே குறிக்கச் செய்தவர் அவர். அந்நோக்கத்தை ஏற்காதாரும் அவர் விட்டுச்சென்ற நூல்களைப் போற்றுவதற்குத் தடையில்லை.

கற்றரின் உடல்நூலும் மோன்செல்லின் மகப்பேற்று நூலும் 1857இல் தமிழாயின. துரூயிற்றின் சத்திரவைத்திய நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் வெளிவந்தது. கிறேயின் பெருநூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. 'வைத்தியாகரம்' என்னும் நோய்ச்சிகிச்சை நூலும் அவ்வாண்டினதே. 1875இற் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என வரிசை நீண்டது. 1873இல் இலங்கையை விட்டகன்ற பின்னரும், 1884இல் இறக்கும்வரை, கடல்கடந்து வரும் கைப்பிரதிகளைத் தம் ஊரிலிருந்தே திருத்தி அனுப்பினார். பக்கங்களைக் கூட்டினால் நாலாயிரத்துக்கு மேலாம். மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு அவர் மாணாக்கருடையது. அவர்கள் பெயர் பின்னாளில் மங்கிப் போனமை வருந்தத்தக்கது.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கொண்ட ஒழுங்கு இன்றும் ஆராயத்தக்கது. தமிழிற் சொல் இருந்தால் அதனைக் கொள்வது. இன்றேல் வடமொழியை நாடுவது. இரண்டும் உதவாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலியில் எழுதுவது. அங்காதிபாதம், சுகரணம் என்னும் சொற்கள் இன்று உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என மாறிவிட்டன. மாறியது தாழ்வன்று. மாற்றுவதற்கு முதலில் ஒரு சொல் இருந்தது அல்லவா! குருதி இருதயத்தினின்றும் புறப்பட்டுச் சுவாசப்பைக்குச் சென்று பிராணவாயுவைப் பெற்று மீளும் முறையை, மானிப்பாயைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தன் தாய்மொழியிற் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய நிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கு ஏற்பட்டுவிட்டது.

எனினும் மிகைபடக் கூறுதல் தகாது. கிறீனோ அவர் பயிற்றிய 60க்கு மேற்பட்ட வைத்தியரோ நின்ற இருதயத்தை இயக்க வல்லவராயிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. உலகில் எவரும் அன்று அதற்கு வல்லவராயிருந்திலர். 1856இல் மார்ஷல் ஹோலும், 1858இற் சில்வெஸ்ரரும் உடலைப் புரட்டியும் கைகளை உயர்த்தித் தாழ்த்தியும் மூச்சை வருவிக்கும் முறைகளை வகுத்திருந்தனர். இவ்வளவே அக்காலத்து உயர்ந்த அறிவு. இவற்றின் வழிவந்த ஹோல்கர் நீல்சன் முறையை 1950களிற் சாரணராயும் முதலுதவிப் படையினராயும் இருந்த பழைய மாணவர் மறந்திரார். முதுகை அழுத்தி முழங்கையை உயர்த்திய அப்பயிற்சி, பின்னர் அறியப்பட்டவாறு, சுவாசப்பைக்குப் போதிய காற்றை அளித்ததில்லை.

வைத்தியசாலைகள் அமைந்த வரலாற்றை இங்கு விரித்தல் வேண்டா. அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று தோற்றுவித்த சிநேகித உதவிச் சங்கத்தின் ஆஸ்பத்திரி 1850இல் யாழ்ப்பாண நகரில் திறக்கப்பட்டு, 1907இல் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய தாய்மார் குழந்தையோடு படியேறிய இடம் அது என்பது ஒன்றே அதன் சிறப்பை உணர்த்தப் போதும்.

மேனாட்டிலே இதற்கிடையில் ஒரு பெரிய உண்மை கண்டுபிடிக்கப்பட்டு, மறக்கவும் பட்டது. ஜேர்மனியிலுள்ள கோத்திங்கன் நகரத்துச் சத்திரவைத்தியர் பிரெட்ரிக் மாஸ், குளோரோபோமால் நெஞ்சு நின்ற இளவயதினர் இருவரை, மார்பை மேலிருந்து விரைவாக அழுத்தி அழுத்தியே மீட்டார். 1892இல் அதனை எழுதியும் வெளியிட்டார். உலகம் கவனிக்கவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகள் மார்பை அறுத்துத் திறந்து இருதயத்தைக் கையாற் பிசைவதே வழக்காயிற்று. 1947இல் கிளீவ்லாந்து நகரிலே குளோட் பெக் என்னும் வைத்தியர், சத்திரசிகிச்சையின்போது இருதயம் ஒழுங்கிழந்து துடித்த பதினான்கு வயதுச் சிறுவனை, நெடுநேரம் அவ்வாறு பிசைந்தபின் மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார். மின்னதிர்ச்சியால் மனித இருதயம் மீண்டமைக்கு இதுவே முதற் சான்று. ஆனால் கத்தியும் சத்திரவைத்தியரும் அருகில் இல்லாத விடுதிக் கட்டிலிற் குழந்தை மயங்கிச் சாயுமானால் இம்முறையால் யாது பயன்?

அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவிலே மினியாபொலிஸ் நகரிற் போலியோ நோய் பரவியிருந்தது. அங்கு பணியாற்றிய ஜேம்ஸ் ஈலம் என்னும் வைத்தியர் வைத்தியசாலை நடைவழியிலே நின்றபொழுது, உடல் நீலித்த சிறுவனொருவனைத் தள்ளுகட்டிலில் வைத்து ஓட்டமாய்க் கொண்டுவந்தனர். அவர் கட்டிலை மறித்து, சிறுவனின் முகத்துச் சளியைத் துடைத்து, அவன் மூக்கைத் தம் வாயாற் பொத்தி ஊதினார். நான்கு முறை ஊதியதும் நீலம் மாறிச் செந்நிறம் பரவிற்று. மருத்துவச்சிமார் பிறந்த சிசுவுக்கு என்றோ செய்துவந்ததைப் படித்த வைத்தியர் மீளக் கண்டார் என்று கூறினும் பொருந்தும். ஒருவர் வெளிவிடும் மூச்சிலும் மற்றொருவரைக் காக்கப் போதிய பிராணவாயு உண்டு என்பதை ஈலமும், பின்னர் அவரோடு கூடிய பீற்றர் சபாரும் ஆராய்ச்சியால் நிறுவினர். 1958இல் ஆச்சர் கோர்டன் முதலியோர் குழந்தைகளிடத்தும் பெரியோரிடத்தும் இம்முறையையும் பழைய கைமுறைகளையும் ஒப்புநோக்கி, வாய்வழி ஊதுதலே மேலானது எனக் காட்டினர்.

மூச்சுக்கு வழி பிறந்தது. நெஞ்சுக்கு வழி, எதிர்பாராத இடத்தில், போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சிக்கூடத்திலே பிறந்தது. மின்பொறியியலாளரான முதிய கௌவன்ஹோவனும் இளைஞரான நிக்கர்பொக்கரும் நாய்களின் இருதயத்துக்கு வெளியிலிருந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். மின்சாரம் செலுத்துமுன், கருவியின் தகடுகளை மார்பில் அழுத்தியபோதே குருதி அமுக்கம் சற்று உயர்வதை நிக்கர்பொக்கர் கவனித்தார். கையால் அழுத்தினால் என்ன? 1958இல் அவ்வைத்தியசாலைச் சத்திரவைத்தியர் பான்சன், இரண்டு வயதுக் குழந்தையொன்றின் மார்பைத் திறவாமலே அழுத்தி மீட்டார். 1960இல் இவ்விருவரும் சத்திரவைத்தியர் ஜூடும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையிற் கூறப்பட்ட நோயாளர் 20 பேருள் 14 பேர் பிழைத்திருந்தனர். இரண்டு கைகள் போதும், எவ்விடத்தும் செய்யலாம் என்பதே அக்கட்டுரையின் செய்தி. மாஸ் கூறியதும் அதுவே. அறுபத்தெட்டு ஆண்டு வீணாயிற்று.

1960ஆம் ஆண்டு மற்றொரு காரணத்தாலும் குறிக்கத்தக்கது. நோர்வே நாட்டிலே விளையாட்டுப் பாவைகள் செய்துவந்த ஒஸ்மண்ட் லேர்டால், மூச்சு ஊதியும் மார்பை அழுத்தியும் பழகுவதற்கு ஆளளவுப் பாவையொன்றை அவ்வாண்டில் வெளியிட்டார். நீரில் மூழ்கிய தம் சிறு மகனைத் தூக்கி உதறி உயிர் காத்த தந்தை அவர். உயிருள்ள உடலிற் பழக முடியாத ஒரு கலையை இலட்சக்கணக்கானோர் கைப்பழக்கமாக்குவதற்கு அப்பாவை வழி செய்தது.

குழந்தைகளை வைத்தே வளர்ந்த இக்கலை, வகுத்தெழுதப்பட்டபோது பெரியோருக்காகவே எழுதப்பட்டது என்பது இவ்வரலாற்றின் விந்தை. நடுவயதினன் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்பொழுது அவன் இருதயமே முதலிற் பழுதுறுகின்றது; அதுவரை அவன் குருதியிற் பிராணவாயு நிறைந்தே இருக்கின்றது. குழந்தையின் நிலை வேறு. பெரும்பாலும் அதன் இருதயம் பழுதற்றது. சுரத்தால், சளியால், தொய்வால், நீரால், நஞ்சால் மூச்சு முதலிற் தளர்கின்றது. பிராணவாயு குறையக் குறைய நாடி மெல்ல மெல்ல ஓய்ந்து ஈற்றில் நின்றுவிடுகின்றது. ஆகவே குழந்தைக்கு மார்பழுத்தமும் வேண்டும், மூச்சும் வேண்டும். அதனினும் மேலாக, நெஞ்சு நிற்குமுன் மூச்சின் தளர்ச்சியைக் கண்டுகொள்ளும் கண் வேண்டும்.

இதற்குக் குடாநாட்டார் வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. எண்ணெய் விரியன் இரவில் வீட்டினுட் புகுந்து, நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டுவது. கடித்த இடத்தில் வீக்கமோ நோவோ பெரிதாக இராது. பல வேளை கடிவாயே தெரியாது. நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்ய, இமைகள் சரிந்து, விழுங்க முடியாது, ஈற்றிற் சுவாசத் தசைகள் ஓய்கின்றன. இருதயத்துக்கு அதுவரை ஒரு கேடும் இல்லை! செயற்கைச் சுவாசப் பொறியிலே சில நாள் மூச்சளித்துக் காத்தால் அப்பிள்ளை முழு நலத்தோடு வீடு செல்லும். அளியாவிடில் இருதயம் நின்றபின் எவ்வளவு அழுத்தினும் பயன் சிறிதே.

சபாருக்கு இது தம் வீட்டிலேயே நேர்ந்தது. 1966ஆம் ஆண்டில் அவர் இளமகள் கடுந்தொய்வினால் மூச்சடைத்து நெஞ்சு நின்றாள். இருதயம் மீட்கப்பட்டது, மூளை மீளவில்லை, சில நாளில் அவள் இறந்தாள். உலகுக்கு உயிர்மீட்பைக் கற்பித்தவரின் குழந்தை! அதன்பின் அவர் மூளையைக் காக்கும் ஆராய்ச்சியிலும், வைத்தியசாலைக்கு வரும் வழியிலேயே சிகிச்சை அளிக்கும் ஊர்திச் சேவையிலும் தம் வாழ்நாளின் மீதியைச் செலவிட்டார். பிராணவாயு இன்றி மூளை தாங்குவது நான்கைந்து நிமிடமே. மீட்கப்பட்ட குழந்தையின் உடலைக் குளிரூட்டினால் மூளை பிழைக்குமா என்று பெருமுயற்சியோடு நடத்தப்பட்டு 2015இலும் 2017இலும் முடிவு வெளியான ஆய்வுகள், காய்ச்சல் வாராது காப்பதைவிடக் குளிரூட்டல் மேலானது எனக் காட்டவில்லை.

சிறாருக்கெனத் தனியான உயர்நிலைப் பயிற்சிநெறி அமெரிக்காவில் 1988இலேதான் உருப்பெற்றது. 2000ஆம் ஆண்டளவில் வைத்தியசாலைகள் தம் விடுதிகளில் நேரும் இருதய நிறுத்தம் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கின. எத்தனையாம் நிமிடத்தில் அதிரினலீன் கொடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது, குழந்தை எந்நிலையில் வீடு சென்றது என்பன எல்லாம் எழுதப்பட்டன. தோல்வியை எழுதி வைப்பதற்கு நேர்மை வேண்டும், அவர்கள் எழுதினார்கள். அப்பதிவேட்டிற் சேர்ந்த வைத்தியசாலைகளில், இருதயம் நின்ற சிறாருட் பிழைத்து வீடு சென்றோர் 2000இல் நூற்றுக்கு 14.3 வீதமாயிருந்து 2009இல் 43.4 வீதமாயினர் என்பது 2013இல் வெளியான கணிப்பு. மூளைக் கேட்டோடு பிழைத்தோர் வீதம் அதனால் உயரவும் இல்லை. பத்தாண்டுக்குள் இத்தகைய மாற்றம் வைத்தியத்தில் அரிது. அதற்கென ஒரு புதுமருந்தும் அப்போது தோன்றியதில்லை.

ஆயின் எது மாறிற்று? மார்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கு ஆழம் அழுத்துதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் மார்பை முற்றாக எழவிடுதல், இருவர் நின்றால் பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, இடையில் நிறுத்தாமை. இவ்வளவே விதி, கேட்பவர்க்கு எளிது. நடுங்கும் கையோடு, அழும் தாயின் முன்னிலையில், ஐந்தாறு பேர் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளாது இதைச் செய்வதுதான் அரிது. பிலடெல்பியாச் சிறார் வைத்தியசாலையிலே ஒவ்வொரு நிகழ்ச்சியின் பின்னும் வைத்தியரும் தாதியரும் கூடியிருந்து, கருவியிற் பதிவான அழுத்த அளவுகளை முன்வைத்து, எது சரி எது பிழை என்று பழிகூறாது ஆராய்ந்தனர். 2014இல் வெளியான அவ்வாய்வின்படி, நல்ல மூளைநிலையோடு பிழைத்தோர் நூற்றுக்கு 29 இலிருந்து 50 ஆக உயர்ந்தனர்.

இத்துடன் நிறுத்தினால் வரலாறு இனிதாக முடிந்ததாகும். ஆனால் உண்மை அவ்வளவு பணிவுடையதன்று. கட்டிலருகிலேயே அடிக்கடி பயிற்சியும், பின்னர்க் கூடி ஆராய்தலும் என்னும் இதே முறையைப் பத்து அமெரிக்க வைத்தியசாலைகளின் சிறார் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் பரப்பிப் பார்த்த பேராய்வு 2022இல் வெளிவந்தது. புதுமுறையில் நல்ல நிலையோடு பிழைத்தோர் 53.8 வீதம், வழக்கமான முறையில் 52.4 வீதம். வேறுபாடு இல்லையென்றே கொள்ளவேண்டும். ஏற்கெனவே நன்கு பயின்ற இடத்திற் பயிற்சியைக் கூட்டுவதாற் பெறும் பேறு சிறிது என்று இதற்குப் பொருள் கொள்வாருளர். அது பொருத்தமாகவே தோன்றுகின்றது. பயிற்சி அருகிய நாடுகளுக்கு இம்முடிவு அப்படியே பொருந்தாது.

யாழ்ப்பாணத்திலே 1978இல் மருத்துவ பீடம் தொடங்கப்பட, அரசாங்க ஆஸ்பத்திரி போதனா வைத்தியசாலையாயிற்று. கிறீன் விட்டுச்சென்ற தமிழ்ப் போதனை அவர்க்குப் பின் நீடிக்கவில்லை. புதிய பீடத்தின் போதனை ஆங்கிலத்திலேயே அமைந்தது. ஆயினும் வைத்தியம் மீண்டும் இம்மண்ணிற் கற்பிக்கப்பட்டது.

ஒன்பது ஆண்டே கழிந்தது. 1987ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி, தீபாவளி நாளன்று, இந்தியப் படையினர் அவ்வைத்தியசாலையினுட் புகுந்து சுட்டனர். இரு நாளில் நோயாளரும் ஊழியருமாக 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் வைத்தியர் மூவர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மறுநாட் காலையிலே, எஞ்சியிருந்தோரை மீட்கும்பொருட்டுத் தாதியர் சிலரோடு கைகளை உயர்த்தியவாறு வெளிவந்தபோது சுடப்பட்டார். மாணவர்க்குக் கற்பித்த கை அது. 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாடு நாட்டின் பொது மின்வலையினின்றும் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. மருந்துகளுக்கும் தடை இருந்தது. செயற்கைச் சுவாசப் பொறி என்பது மின்சாரத்தால் மூச்சு விடுவது. மின்பிறப்பாக்கியின் எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவிட்ட விடுதியில் எண்ணெய் விரியன் தீண்டிய பிள்ளையின் நிலையை எவரும் ஊகிக்கலாம்.

கட்டணமில்லாத நோயாளர் ஊர்திச் சேவை வட மாகாணத்தில் 2018ஆம் ஆண்டு சூலை மாதம் தொடங்கிற்று. அதனை அழைக்கும் தொலைபேசி இலக்கம் 1990. அவ்வெண் குடாநாட்டின் முதியோர்க்கு வேறு நினைவுகளைத் தரும். சபார் தம் மகளை இழந்தபின் வேண்டி நின்ற சேவை இதுவே: சிகிச்சை வீட்டுப் படலையடியிலேயே தொடங்குதல்.

அவ்வூர்தியை அழைப்பதற்கு முன் ஒருவர் ஐயுறவேண்டும். பிள்ளைக்கு முட்டு என்றும், தொய்வு இழுக்கின்றது என்றும் தாய் சொல்லும் சொல்லிலேயே மூச்சுத் தளர்ச்சியின் முதற்குறிகள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன. எந்த ஆங்கில நூலிலும் அவை அச்சொற்களில் இல்லை. எண்ணெய் விரியன் தீண்டிய பிள்ளை பாம்பு என்று சொல்வதில்லை, அது பாம்பைக் கண்டதுமில்லை. விடியற்சாமத்திலே பாயில் எழுந்திருந்து "அம்மா, வயித்துக்கை நோகுது" என்னும். சற்றுப் பின் "கண் திறக்கேலாமல் கிடக்கு" என்னும். நித்திரைத் தூக்கம் என்று மீண்டும் படுக்க வைத்த வீடுகள் பல. அவ்விரண்டு வாக்கியங்களின் வைத்தியப் பொருளை விளங்கிக்கொண்டு உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட வீடுகளும் உண்டு. அப்பிள்ளைகளின் இருதயத்தை எவரும் அழுத்தவேண்டி நேர்ந்ததில்லை.